காப்பை அவிழ்ப்பீர்களா?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் ஒரு பெரிய வழக்கு. நீதிபதி நான்தான். யாரும் நியமிக்கவில்லை... நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வழக்கைக் கொண்டுவந்தவர் ஸ்டெல்லா டீச்சர். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர். அவருடைய தங்கை ஜெனிட்டா, யுத்தம் முடிந்த பிறகு பாலாவிப் பக்கம் புதிதாக வந்த ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். நாற்பது நாள் உபவாச ஜெபம் என்று இப்போது அங்கேயே தங்கல். அம்மாவோ நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில். கண் திறக்கும்போதெல்லாம் “ஜெனி வந்திட்டாளா?” என்று கேட்கிறாராம். ஜெனி வரவில்லை.

“சொல்லுங்க சேர், இது ஆக்களை மயக்கிப் பிடிச்சு வைக்கிற கல்ட்தானே?”

“ஓம், அதிலென்ன சந்தேகம்?” என்றேன். எனக்குச் சந்தேகம் வருவது குறைவு. ஒரே நிற உடுப்பு, பட்டினி, வெளியே போகத் தடை, தலைவர் சொன்னதே சட்டம் — விரல் விட்டு எண்ணியும் காட்டினேன்.

ஸ்டெல்லா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க உங்கட ஊர் உடப்பில, அம்மன் கோயில்ல தீ மிதிக்கிறனீங்கள்தானே? மஞ்சள் வேட்டி, விரதம். காப்புக் கட்டினா ஊர் எல்லை தாண்டக்கூடாது. பூசாரி சொன்னதுதான் சட்டம். அப்ப நீங்களும் கல்ட்தானே?”

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகம் சுட்டது. தீக்குழியில் கால்கூட இப்படிச் சுட்டதில்லை!

ஆனால் நியாயமான கேள்வி. பட்டினியும் உடுப்பும்தான் அடையாளம் என்றால் எந்த மதம் தப்பும்?

அப்போதுதான் ஒரு வருடம் நடந்தது நினைவுக்கு வந்தது. கையில் காப்பு, தீமிதிக்கு மூன்று நாள். அப்பா மயங்கி விழுந்து சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் பயந்து பயந்து பூசாரியிடம் போனேன். அவர் விஷயத்தைக் கேட்டதுமே காப்பை அவிழ்த்தார்.

“அம்மன் இங்கதான் இருப்பா. நீ போய் அப்பாவைப் பார்.”

அடுத்த வருடம் அதே கையில் அவரே கட்டிவிட்டார்.

“டீச்சர், தங்கச்சிக்கு போன்ல கோல் எடுங்க. நடுவில எழும்பி வந்தா என்ன நடக்கும் எண்டு மட்டும் கேளுங்க” என்றேன்.

கேட்டார். ஸ்பீக்கரில் ஜெனிட்டாவின் குரல்.

“நான் வந்தா அம்மா செத்திடுவாவாம் அக்கா. நான் இங்க ஜெபத்தில இருக்கிறதாலதானாம் அவ உயிரோட இருக்கிறா...”

நான் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றல்லவா நினைத்திருந்தேன்! வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம். அம்மா மீதிருந்த பாசத்தையே பூட்டாக்கி அவளை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

ஸ்டெல்லா அழவில்லை. “அம்மா உன்னைத்தான் கேக்கிறா. ஜெபத்தை அவட கட்டிலடியில இருந்து செய். வாறன், வெளிக்கிடு” என்றார். பாடசாலை விட்டதும் ஆட்டோவில் போனார். இனி நடப்பதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ஜெபக்கூட்டத்தார் வாசலில் சொன்னார்களாம். ஜெனிட்டா ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறினாளாம்.

நேற்று வார்டுக்குப் போனேன். அம்மா உயிரோடுதான் இருக்கிறார். பாணைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டபடி, “பட்டினி கிடந்து ஈர்க்கில் மாதிரிப் போயிட்டாள்” என்று மகளைத் திட்டுகிறார். மகள் பக்கத்தில் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். ஜெபக்கூட்டத்தின் அதே வெள்ளை உடுப்பு. இருக்கட்டுமே!

யாருடைய பெயரில் காப்புக் கட்டினாலும் சரி — கையை நீட்டுமுன் கட்டுகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: அம்மாவுக்குச் சுகமில்லை என்றால் அவிழ்ப்பீர்களா?