அப்பாவுக்குக் கொண்டுபோன கருவாடு

அப்பா உப்பளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், கருவாடு, ஊறுகாய், பீடி மூன்றும் கூடவே கூடாது என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா ஒரு படி மேலே போனாள். தெருமுனையில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை உப்பு குவிந்து கிடக்கிற ஊரில், எங்கள் வீட்டுக் குழம்பில் மட்டும் உப்பே இல்லை.

"எல்லாருக்கும் ஒரே குழம்புதான். அவரு தனியா வாயக் கட்டணுமா?" என்றாள்.

கருவாடு இல்லையென்றால் முன்பெல்லாம் தட்டைத் தள்ளிவிடுகிற அப்பா, இப்போது தலைகுனிந்து சாப்பிட்டார். பாதியிலேயே கை கழுவிய நாட்களும் உண்டு. எனக்குத் தாங்கவில்லை. அம்மாவுக்கு ஈரமே இல்லை என்று முடிவு கட்டினேன்.

உப்பளத்தில் அப்பாவுக்கு இப்போது மோட்டார் ரூமைப் பார்த்துக்கொள்கிற லேசான வேலை. சனிக்கிழமைகளில் நான்தான் சாப்பாடு கொண்டுபோவேன். ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு அத்தையிடம் எனக்கென்று பொய் சொல்லி, சுட்ட நெத்திலிக் கருவாடு வாங்கி, நோட்டுத் தாளில் மடித்துக் கொண்டுபோனேன்.

அப்பா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மாவுக்குத் தெரியாதுப்பா. சாப்பிடு."

"எம்மேல எவ்ளோ பாசம் எம்பொண்ணுக்கு! வெயில் ஏறுது, நீ கிளம்பு கண்ணு. நான் பொறுமையா சாப்பிடுறேன்."

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கொண்டுபோனேன். மூன்றாவது முறை தண்ணீர் பாட்டிலை அங்கேயே மறந்துவிட்டு, வீட்டுக்குப் போகிற பாதி வழியில் திரும்பி வந்தேன். அப்பா உப்பில்லாத சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தார். மோட்டார் ரூம் நாய் என் கருவாட்டைத் தின்றுகொண்டிருந்தது.

"உனக்கோசரம் பொய் சொல்லி வாங்கியாந்தா, நாய்க்குப் போடுறியா?" என்று கத்தினேன்.

அப்பா திருடன்போல விழித்தார். பிறகு எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை அருகில் இழுத்தார்.

"கண்ணு, நீ எதுவரைக்கும் படிக்கப்போற?"

"காலேஜ் வரைக்கும்" என்றேன் விசும்பலுக்கு நடுவே.

"அப்போ நான் பாக்கவேணாமா?"

கருவாட்டைப் பற்றிக் கேட்டால் காலேஜைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கையை உதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இரண்டு நாள் அவரோடு பேசவே இல்லை.