வீட்டுக்குப் போன சிப்பாய்கள்

பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நான்காவது தடவையும் பார்க்கிறவள் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோதுகூட ஏன் என்று கேட்காதவள். அப்படிப்பட்ட நான் ஒன்பது வயதில் நைனாவை எதிர்த்து நின்றிருக்கிறேன். இருபத்துநான்கு ஈயச் சிப்பாய்களுக்காக.

அவை சித்தப்பாவின் பெட்டியில் வந்தவை. புழு பூச்சி செத்துவிடக் கூடாது என்று தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற சமணக் குடும்பம் எங்களுடையது. அதிலிருந்து ஓடிப்போய், பாண்டிச்சேரியில் பிறந்ததாகப் பொய் சொல்லி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் சித்தப்பா. செஞ்சிக்குத் திரும்பியவரிடம் நைனா பேசவில்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கும் அறையில் ஒரு கட்டில், தனித் தட்டு, அவ்வளவுதான்.

சிப்பாய்கள் சுண்டுவிரல் உயரம். நெப்போலியன் காலத்துக் காலாட்படை என்றார் சித்தப்பா. எல்லாம் வெறும் ஈயம். வர்ணம் பூசுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கோட்டுக்குத் துணிக்குப் போடும் நீலம், கால்சட்டைக்குச் சுண்ணாம்பு, தொப்பிக்கு விளக்குக்கரி. ஊசிமுனையால் பொத்தான்கூட வைத்தேன்.

நான்கு நான்கு பேராக அட்டையில் ஒட்டினால்தான் அணியாக நகர்த்த முடியும். காலண்டர் அட்டையை வெட்டிக்கொண்டு தெருக்கோடித் தச்சரிடம் பசை கேட்டுப் போனேன். கொட்டாங்கச்சியில் சூடாக வச்சிரப் பசை கொடுத்தார். ஒட்டி, மேலே ராஜகிரி அடிவாரத்து மணலைத் தூவி, காயட்டும் என்று சமையல்கட்டு ஜன்னலில் வரிசையாக வைத்தேன். அதுதான் தப்பு.

அம்மா மோந்து பார்த்து அலறினாள். “மாட்டுத் தோலக் காய்ச்சனதுடி இது! சமையக்கட்டுலயா கொண்ணாந்து வெச்ச?”

எனக்குத் தலைக்கு ஊற்றினார்கள். ஜன்னலையும் கழுவினார்கள். நைனாவுக்குப் பசையைவிடப் பொம்மைகள்தான் பெரிய குற்றம். “பொம்மையா இருந்தா இன்னா? சாவடிக்கணும்னு நெனச்சாலே பாவந்தான். எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொளத்துல போடு.” சொன்னது என்னிடம், பார்த்தது மல்லாட்டை அறையை.

“போட மாட்டேன்.”

என் வாயிலிருந்துதான் வந்தது. சிப்பாய்கள் இருந்த பெட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். “சாப்டவும் மாட்டேன்.”

வேறு வீடாக இருந்தால் முதுகில் நாலு விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் பட்டினி என்று யார் உட்கார்ந்தாலும் அது நோன்பு. கலைக்க ஒருவருக்கும் துணிச்சல் வராது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் மறுநாள் காலைதான். அம்மா தட்டோடு முன்னும் பின்னும் நடந்தாள். நான் பொழுதைச் சாயவிட்டேன்.

காலையில் நைனாதான் முதலில் பேசினார். “இன்னாதான் வேணும் உனக்கு?”

“தோல் பசைய சுடுதண்ணில ஊறவெச்சு எடுத்துடறேன். கருவேலம்பிசின்ல ஒட்டிக்கறேன். வெளையாட்டுல யாரும் சாவமாட்டாங்க நைனா. தாயம் வுழுந்தா வீட்டுக்குப் போயிடுவாங்க.”

“எந்த வீட்டுக்கு?”

“அவங்கவங்க வீட்டுக்கு. அவங்க அம்மா சோறு போடும்.”

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். எனக்கு அது போதும். சுடுதண்ணீரில் பசையோடு வர்ணமும் கரைந்துபோனது. இருபத்துநான்கு பேருக்கும் மறுபடி முதலிலிருந்து பூசினேன்.

மூட்டைகளுக்கு நடுவே பலகை போட்டு, ஆளுக்கு மூன்று அணி வைத்துக்கொண்டு சண்டை. அடிக்கோலால் அளந்து நகர்த்தினோம். சித்தப்பாவின் முதல் அணியைக் குறிவைத்துத் தாயக்கட்டையை உருட்டினேன், எடுத்த எடுப்பில் தாயம்.

“வீட்டுக்குப் போயிட்டாங்க!” என்று அட்டையைத் தூக்கினேன்.

சித்தப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “நாலு பேருமா?”

“நாலு பேருந்தான்.”

அடுத்த அணிக்கும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது அணியும் போனபோது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

இத்தனை பெரிய ஆள், தோற்றதற்கு அழுகிறாரே என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அதனால் மறுநாள் தாயம் விழுந்தபோதெல்லாம் கையால் மறைத்துக் கட்டையைப் புரட்டிவிட்டேன். தாயம் விழவில்லையா என்று சித்தப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். விழவில்லை என்றேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில், பொழுது சாயும்வரை அவருடைய பன்னிரண்டு பேரில் ஒருவனைக்கூட நான் வீட்டுக்கு அனுப்பவில்லை.