பின்னால் போ, ஒசெல்லா!

லின்வுட் சாலைப் பேருந்தில் ஏறும் எங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஓட்டுநர் இருக்கையில் ஒசெல்லா பெட்வே இருந்தால், 'விளக்கை அணைக்காதே' பாட்டை யாரும் போடக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது.

ஒருநாள் டெட்ராய்ட்டுக்குப் புதிதாக வந்த ஒருவன், தோளில் சுமந்திருந்த டேப் ரிக்கார்டரில் அந்தப் பாட்டையே போட்டுவிட்டான். நடுச்சாலையில் பேருந்து குலுங்கி நின்றது.

"அதை நிறுத்து. இல்லன்னா இறங்கு."

"ஏன் மேடம்? நல்ல பாட்டாச்சே! டார்னெட்டா கிரம்ப் பாடினது. ஆரம்பத்துல ஒரு கூவல் கூவுவா பாருங்க, உடம்பெல்லாம் சிலிர்த்துப் போகும்."

பின்னால் இருந்த நாங்கள் கண்களை மூடிக்கொண்டோம்.

"அந்தக் கூவல் யாரோடதுன்னு உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள் ஒசெல்லா.

அவனுக்குத் தெரியவில்லை. நாடு முழுவதற்கும் தெரியாதபோது அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? கொட்டும் பனியில் இறங்கிப் போனான், பாவம்.

அந்தக் கூவல் ஒசெல்லாவுடையது.

ஒசெல்லா, ரூபி, டார்னெட்டா மூவரும் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஒன்றாக வளர்ந்தவர்கள். 'ஆண்டவரே, என் விளக்கை அணைக்காதே' என்று ரூபி ஒரு பாட்டுக் கட்டினாள். அதைக் கேட்க வந்தான் இசைத்தட்டுக் கம்பெனி நடத்திய கிளோவிஸ் டேட். பட்டுக் கைக்குட்டை, பளபளக்கும் காலணி, தேன் ஒழுகும் வாய்.

"பாட்டு பிரமாதம்மா. ஆனா 'ஆண்டவரே'ங்கிறத எடுத்துட்டு 'அன்பே'ன்னு போடுங்க. ஒரே ஒரு வார்த்தைதான். ஊரே உங்க காலடியில கிடக்கும்."

போட்டார்கள். ஒசெல்லாவின் தாய் அந்தக் குளிர்காலம் முழுக்க மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒலிப்பதிவு நடந்தது ஒரு பழைய வீட்டில். மூன்று பெண்களுக்கும் சேர்த்து ஒரே மைக். ஒசெல்லா வாயைத் திறந்ததும் ஒலியை அளக்கும் கருவியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கியது.

"பின்னால் போ, ஒசெல்லா!" என்றான் டேட்.

சுவர்வரை போனாள். முள் அடங்கவில்லை. கதவுவரை போனாள். கதவுக்கு வெளியே நடைக்குப் போனாள். கடைசியில் மாடிப்படியின் அடியில், துடைப்பங்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள். அங்கிருந்து அவள் எழுப்பிய கூவல் படிக்கட்டு முழுவதும் சுழன்று, கதவு வழியாக உள்ளே பாய்ந்து, மைக்கில் விழுந்தது. உள்ளே இருந்த வாத்தியக்காரர்கள் ஒரு கணம் வாசிப்பதை மறந்தார்களாம்.

அந்தக் கோடையில் மூவருக்கும் வைத்த 'டாம்பரெல்ஸ்' என்ற பெயர் எல்லாப் பாட்டுப் பட்டியல்களிலும் முதலிடத்தில் நின்றது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் அந்தக் கூவல்தான். ஆனால் புகைப்படக்காரர்களுக்குப் பிடித்தது டார்னெட்டாவின் முகம். சின்ன இடை, மான் விழி. குரலோ நூல் மாதிரி. மேடையில் அவள் கையை உயர்த்தி வாயைத் திறப்பாள்; திரையோரத்து இருட்டில் நின்று ஒசெல்லா கூவுவாள். கைதட்டல் டார்னெட்டாவுக்கு.

"மேடைக்காகத்தானே கண்ணு! உண்மை நம்ம மூணு பேருக்கும் தெரியுமே" என்று டார்னெட்டா அவள் கன்னத்தைக் கிள்ளுவாள்.

அடுத்த சுவரொட்டியில் 'டார்னெட்டாவும் டாம்பரெல்ஸும்' என்று இருந்தது. அதற்கடுத்ததில் டார்னெட்டா மட்டும். இதற்குள் காலமும் மாறியது. மக்கள் வேறு தாளத்துக்கு ஆடத் தொடங்கினார்கள். புதிய பாட்டுகள் ஒவ்வொன்றாக மூழ்கின. கம்பெனி கலிபோர்னியாவுக்குப் போனது, டார்னெட்டாவும் கூடவே போனாள். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ரூபி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்தாள். ஒசெல்லா பேருந்து ஓட்டினாள். ஜிகினா பதித்த மேடை கவுனைக் கிழித்து, குளிரில் வெடிக்காமல் இருக்க நிலவறைத் தண்ணீர்க் குழாயில் சுற்றினாள். இன்றும் அந்தக் குழாய் மின்னுகிறது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தொலைக்காட்சியில் டார்னெட்டாவிடம் கேட்டார்கள், அந்தக் கூவல் எப்படி வந்தது, வேறு யாராவது உதவினார்களா என்று. டார்னெட்டா இமை கவிழ்த்துச் சொன்னாள்: "வேற யாரு? ஆண்டவர் என் தொண்டையில வச்ச வரம்."

ஒசெல்லா செருப்பைக் கழற்றித் தொலைக்காட்சிமேல் எறிந்தாள். விரிசல் விழுந்த அந்தக் கண்ணாடியை அவள் மாற்றவே இல்லை. கோபம் ஆறிவிடக் கூடாதே என்று பயந்தாளோ என்னவோ!

பிறகு ரூபி இறந்தாள். அவள் மகள் லவோன் கண்ணீரோடு ஒசெல்லாவின் வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அந்தப் பாட்டு. நீங்களும் டார்னெட்டா ஆன்ட்டியும் சேர்ந்து."

"சர்ச்சுலயா? பாஸ்டர் நம்மளத் தூக்கி வெளிய போட்டுருவாரு."

"'அன்பே'யை எடுத்துட்டு மறுபடி 'ஆண்டவரே' போட்டா சரின்னுட்டாரு."

ஒசெல்லா அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டாள். "உங்க அம்மாவுக்காகப் பாடுவேன் கண்ணு. டார்னெட்டாவுக்காக என் வாய் திறக்காது. இனிமே என் குரலை அவ வாயில வைக்க மாட்டேன்."

அடக்க ஆராதனைக்கு டார்னெட்டா நீளமான கறுப்புக் காரில், ரோமக் கோட்டில் வந்து இறங்கினாள். எழுபதை நெருங்கும் வயதிலும் அந்த மான் விழி மாறவில்லை. கதவருகே ஒசெல்லாவைக் கட்டிக்கொண்டாள். ஒசெல்லாவின் கைகள் தொங்கியபடியே இருந்தன.

"ஓசி, நீ அந்த ஓரத்துலயே நின்னுக்கோ. நான் கையைத் தூக்குறேன்."

"அதே மாதிரியா?"

"அதானே நமக்குப் பழக்கம்!"

ஒசெல்லா ஓரத்தில் போய் நின்றாள்.

ஆர்கன் ஒலித்தது. பெட்டிக்குள் ரூபி வெள்ளைக் கையுறையோடு படுத்திருந்தாள். டார்னெட்டா மைக்கின் முன் நின்றாள். கண்ணை மூடினாள். கையை உயர்த்தினாள். வாயைத் திறந்தாள்.

சத்தமே இல்லை.

எங்கள் சர்ச்சில் பாடுகிறவர்கள் தடுமாறினால் சும்மா இருக்க மாட்டோம். "மெதுவா பாடு தாயி, அவசரமில்ல!" என்றது ஒரு குரல். "ஆண்டவரே, அவளுக்கு உதவி செய்யும்!" என்றது இன்னொன்று. ஆர்கன்காரர் மறுபடி ஆரம்பித்தார். டார்னெட்டா மறுபடி கையை உயர்த்தினாள். மறுபடி வாய் திறந்தது. உதட்டுச் சாயம் நடுங்கியது.

"உதவி வராது," என்றாள் ஒசெல்லா.

எங்கள் கைகளில் ஆடிக்கொண்டிருந்த விசிறிகள் நின்றன.

"அந்தக் காலத்துல அந்த உதவி இப்படித்தான் ஓரத்துல இருட்டுல நின்னுச்சு. இன்னைக்கு வராது. பின்னால் போ, டார்னெட்டா."

"ஓசி... ரூபி முன்னாடியா?"

"ரூபி முன்னாடிதான். அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்ல. போ."

டார்னெட்டா பாஸ்டரைப் பார்த்தாள். பாஸ்டர் பைபிளைப் பார்த்தார். அவள் இறங்கி, இருக்கை வரிசைகளுக்கு நடுவே நடந்தாள்.

"எவ்வளவு தூரம்?"

"முள்ளு அடங்குற வரைக்கும். இன்னும் போ. இன்னும்!"

வாசற்கதவுவரை போனாள். வெளியே அவளுடைய கார் நின்றிருந்தது. ஓடிவிடுவாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் கதவில் முதுகை ஒட்டி நின்றாள்.

ஒசெல்லா மேடையேறி மைக்கைத் தள்ளி வைத்தாள். ரூபியின் பெட்டியில் ஒரு கையை ஊன்றி, கூவினாள்.

அதை எப்படி எழுதுவேன்? ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முன்வரிசைக் கிழவர் தொப்பியை வீசி எறிந்தார். "அம்மா, கேக்குதா அம்மா!" என்று லவோன் கதறி மண்டியிட்டாள். ரேடியோவில் ஆயிரம் முறை கேட்ட கூவல், முதன்முறையாகத் தன் சொந்த உடம்போடு எங்கள் கண்முன் நின்றது. 'ஆண்டவரே, என் விளக்கை அணைக்காதே' என்று முழுப் பாட்டையும் அவளே பாடினாள். கதவோரம் டார்னெட்டாவின் உதடுகளும் அசைந்தன. அவள் குரல் எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து கீழ்த்தளத்தில் சாப்பாடு. பொரித்த கோழியும் கீரையும் பரிமாறிக்கொண்டிருந்த ஒசெல்லாவின் முன் டார்னெட்டா தட்டோடு வந்து நின்றாள். கண் மை கன்னம்வரை வழிந்திருந்தது.

"நானும் அங்கேருந்து பாடினேன், ஓசி. கடைசி வரைக்கும் பாடினேன். உனக்குக் கேட்டுச்சா?"

ஒசெல்லா தட்டில் கீரையை வைத்தாள். கோழியில் ஒரு துண்டு வைத்தாள். இவள் ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று அருகில் நின்ற எனக்கே தோன்றியது.

"கேட்டுச்சு," என்றாள். "ஆனா வெளிய யாராவது கேட்டா, அப்படி ஒரு குரலே அங்க இல்லன்னுதான் சொல்லுவேன். தள்ளு, வரிசை நிக்குது."