வென்றவருக்குப் போட்ட மாலை

டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோழித் தொழிற்சாலை. உயிரோடு வருகிற கோழி ஒரு வாசலால் உள்ளே போய், உறைந்த பெட்டியாக மறுவாசலால் வெளியே போகும். இடையில் கத்தியோடு நாங்கள். இந்துவும் கத்தோலிக்கனும், யாழ்ப்பாணத்தானும் மட்டக்களப்பானும் அங்கே ஒரே நாற்றம்தான் நாறினோம். எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் அது போகாது. ஊரில் நான் அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் குமாஸ்தா. அதை அங்கே யாரிடம் சொல்வது, கோழியிடமா?

மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். நான் புறப்பட்டபோது மகளுக்கு நடக்கத் தெரியாது. குடும்பத்தைக் கூப்பிட எங்களுக்குச் சட்டத்தில் உரிமை இருந்தது. ஆனால் தமிழரின் விண்ணப்பங்களை மட்டும் கோபன்ஹேகனில் அமைச்சில் வேண்டுமென்றே அடியில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த உண்மை பிறகுதான் வெளியே வந்து அரசாங்கத்தையே கவிழ்த்தது. அப்போது எங்களுக்கு என்ன தெரியும்? நல்ல பிள்ளைகளாக இருந்தால், மாடு மாதிரி உழைத்தால், மேலே இருக்கிற யாரோ பார்த்து இரங்குவார்கள் என்று நம்பினோம். அதனால் ஓடி ஓடி வேலை செய்தோம். பெல்ட்டில் வருகிற கோழி போதாமல் அடுத்தவனுடைய கோழியையும் இழுத்து வெட்டினோம்.

அதற்குப் பரிசாக டேனிஷ்காரர்கள் எங்களோடு கதைப்பதை நிறுத்தினார்கள். நிறவெறி என்றுதான் நாங்கள் முடிவுகட்டினோம். கன்ரீனில் அவர்களுக்கு ஒரு மேசை, துருக்கிக்காரருக்கு ஒரு மேசை, எங்களுக்குக் கதவோரம் ஒன்று. ஒருநாள் எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதி தன் கோப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். செம்பட்டைத் தாடி, பெரிய கை, சத்தமான சிரிப்பு. அவர் டேனிஷில் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்.

"நீங்கள் இப்பிடி ஓடினால் முதலாளியின்ர ஆள் ஒருத்தன் மணிக்கூட்டோட வந்து பாத்துப்போட்டு, பெல்ட்டின்ர வேகத்தைக் கூட்டிப்போடுவான். பிறகு குனிஞ்சு குனிஞ்சு உங்களுக்கும் நாரி முறியும், எங்களுக்கும் முறியும். கறுப்பனுக்கு ஒரு பெல்ட், வெள்ளையனுக்கு ஒரு பெல்ட் எண்டு முதலாளி வைச்சிருக்கேல்லை."

இதைவிடத் தெளிவாக எனக்கு அரசியல் சொன்னவர் ஒருவருமில்லை. இன்றும் சொல்கிறேன், அவர் சொன்னது முழு உண்மை. நாங்கள் வேகத்தைக் குறைத்தோம். அடுத்த கிழமையே என் பக்கத்தில் நின்று வெட்டுகிற டேனிஷ் மனுசி, அதுவரை என்னை ஒரு தூணைப் பார்ப்பதுபோலப் பார்த்தவள், தன் பிறந்தநாள் கேக்கில் ஒரு பெரிய துண்டைக் கொண்டுவந்து தந்தாள். துருக்கிக்காரர்கள் மேசையை எங்கள் மேசையோடு ஒட்டிப் போட்டார்கள். கன்ரீனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த வருடம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. பாராளுமன்றத்துக்குத்தான் எங்களால் வாக்களிக்க முடியாது. நகரசபைக்கு, நாட்டில் சில வருடம் இருந்த வெளிநாட்டவரும் வாக்களிக்கலாம். வேடிக்கைதான். பெண்டாட்டியைக் கூப்பிட முடியாதவனுக்கு வாக்கு இருந்தது. எங்கள் பிரதிநிதி தேர்தலில் நின்றார். தமிழர் இருந்த வீடு ஒன்றுக்கு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கதைத்தார்.

"நான் வெண்டால் உங்கட மனுசிமாற்ற விசயத்தைச் சங்கத்தில எடுப்பன். குடும்பம் இல்லாமல் ஒரு தொழிலாளி எப்பிடி வாழுறது? இது எங்கள் எல்லாற்றையும் பிரச்சினை" என்றார்.

அதன்பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. எங்களோடு வேலை செய்த மட்டக்களப்பு அண்ணையிடம் ஒரு பழைய கார் இருந்தது. வேலை முடிய அதில் ஏறி வீடு வீடாகப் போனோம். தமிழர் வீடு, துருக்கிக்காரர் வீடு, தொழிற்சாலையில் வேலை செய்த டேனிஷ்காரர் வீடு என்று ஒன்றையும் விடவில்லை. அவர் தன் கட்சிப் பட்டியலில் அடியில்தான் இருந்தார். பெயருக்கு நேரே விழுந்த வாக்குகளால் மேலே வந்து வென்றார். எல்லா நிறத்துத் தொழிலாளியும் சேர்ந்து ஒருவரை நகரசபைக்கு அனுப்பினோம்.

அங்கேதான் நாங்கள் தமிழராகிப் போனோம். "வெண்ட மனுசன வெறுங்கையோட போய்ப் பாக்கிறதா?" என்றார் மட்டக்களப்பு அண்ணை. தேர்தலில் வென்றவருக்கு மாலை போடாமல் விட்டால் அது எங்களுக்கு வெற்றியே இல்லை. அண்ணை சில்க்போர்க் நகரம் வரை போய் வெள்ளையும் சிவப்புமாகக் காணேஷன் பூ வாங்கிவந்தார். மீன் பிடிக்கிற நைலோன் நூலில் கோர்த்தோம். வாடாமல் இருக்கட்டும் என்று கோழி உறைய வைக்கிற அறையின் வாசலில் தொங்கவிட்டோம். இடைவேளையில் கன்ரீனுக்குள் வரிசையாகப் போய், தொப்பை வரை தொங்கும்படி அவர் கழுத்தில் போட்டு, கைகூப்பி, கைதட்டினோம். புதிய உறுப்பினரைப் படமெடுக்க உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் அன்றைக்கென்று வந்திருந்தார்.

கிழமைக்கு ஒருமுறை எல்லா வீட்டு வாசலிலும் போடுகிற பத்திரிகை அது. முன்பக்கத்தில் படம். நடுவில் மாலையோடு செம்பட்டைத் தாடி, சுற்றிவரப் பல்லெல்லாம் தெரிய நாங்கள். அந்த ஊரில் பூவை வளையமாகக் கட்டுவது செத்தவனுக்கு என்று எங்களுக்கு யார் சொன்னது? ஒரு மனிதனைக் கூட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தால் அந்த ஊர்க்காரர் அவனைச் சும்மா விடமாட்டார்கள் என்பதும் தெரியாது. "ஆர் செத்தது?" என்று கன்ரீனில் ஒருவன் கேட்டான். இன்னொருவன் அவரைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டான். 'தமிழரின் ராசா' என்று பெயர் வைத்தார்கள். கன்ரீன் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த படத்தை அவரே கிழித்து எடுத்ததை நான் கண்டேன். அதன்பிறகு எங்கள் மேசைப்பக்கம் அவர் வரவில்லை.

அடுத்து வந்த சங்கக் கூட்டத்தில் எங்கள் கோரிக்கையை வைத்தோம். பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்த் தொழிலாளரின் குடும்பங்களை வரவிடுங்கள் என்று சங்கத்தின் பெயரில் அமைச்சுக்கு எழுத வேண்டும், அவ்வளவுதான். தலைமை வகித்தவர் அவர்தான். மேசையைப் பார்த்தபடி சொன்னார், "இது தொழிற்சாலை விசயமில்லை. வேணுமெண்டால் கையை உயத்துங்கோ, பாப்பம்."

பின்னாலிருந்து ஒரு டேனிஷ்காரன் கேட்டான், "அவையின்ர மனுசிமாரும் வந்தால் எங்கட மனுசிமாற்ற வேலை என்னாகிறது?"

அதற்குப் பதில் அவருக்குத் தெரியும். பெல்ட்டைக் காட்டி எங்களுக்குச் சொன்ன அதே பதில்தான். அதை அன்று அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாங்கள் கையை உயர்த்தினோம், துருக்கிக்காரர் உயர்த்தினார்கள். எனக்குக் கேக் தந்த மனுசியும் பாதி உயர்த்தினாள். பிறகு தலைவரின் கை மேசையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, உயர்த்திய கையால் காதைச் சொறிந்துகொண்டாள். அந்தக் காதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த விடயம் பெல்ட்டின் வேகம். அதைக் கூட்டவிடக் கூடாது என்பதற்கு அறை முழுக்கக் கை உயர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் அண்ணையின் கை மேலே நின்றது. "என்னண்ணை, வெக்கமில்லையோ?" என்று கேட்டேன்.

"நாளைக்கும் நிண்டு வெட்டப்போறது நாமதானே, தம்பி" என்றார்.

நானும் உயர்த்தினேன். ஒருமனதாக நிறைவேறியது. அவர் எழுந்து நின்று, ஒற்றுமைதான் எங்கள் பலம் என்றார். எல்லோரும் பியர் குடித்தார்கள்.

மனைவியும் மகளும் வெகுகாலம் கழித்துத்தான் வந்தார்கள். அமைச்சு செய்த குளறுபடி வெளியே வந்து நாறத் தொடங்கியபிறகு கோப்புகள் தாமாகவே அசைந்தன. சங்கம் அசைக்கவில்லை.

அடுத்த தேர்தலிலும் அவருக்குத்தான் வாக்களித்தேன். வெட்கங்கெட்டவன் என்று நினைத்தால் நினையுங்கள். மற்றப் பட்டியல்களில் எங்களைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பவர்களும், முதலாளியின் ஆட்களும்தான் இருந்தார்கள். பெல்ட்டில் நிற்கிறவன் வேறு யாருக்குப் போடுவது? ஆனால் அவர் வாக்குக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்த சனிக்கிழமையை நினைத்தால் வயிறு எரிகிறது.

பேக்கரியில் வாங்கிய பாண் பை ஒன்றோடு வந்தார். தாடி நரைத்திருந்தது. வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, என் மனைவிக்குக் கைகொடுத்து, தன்னை அறிமுகப்படுத்தினார். பழைய தேர்தலில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வென்ற கதையை அவளுக்குச் சொல்லச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அவள் அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, விருந்தாளிக்குக் காட்டுகிற சிரிப்பு மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவரோ அந்த ஆள்?" என்றாள். "இவர் வெண்டிட்டார், இனிப் பயமில்லை, வருசம் பிறக்க முதல் இஞ்ச வந்திடுவாய் எண்டு எழுதினியள். அதை நம்பிக் குளிருக்கெண்டு பிள்ளைக்கு நல்ல சப்பாத்து ஒண்டு வாங்கினன். போடாமலே கால் வளந்திட்டுது. பிறகு பெரிசா இன்னொரு சோடி வாங்கினன். அதுவும் கொள்ளாமல் போச்சு. ரண்டையும் லொட்ஜில இருந்த பிள்ளையளுக்குக் குடுத்தன்."

"என்ன சொல்லுறா?" என்று அவர் ஆவலோடு கேட்டார்.

"இன்னும் கோப்பி வேணுமோ எண்டு கேக்கிறா" என்றேன்.

சோபாவில் படுத்து ரீவி பார்த்துக்கொண்டிருந்த மகள் தலையைத் திருப்பினாள். தமிழில் கேட்டு டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. "இல்லை, அம்மா என்ர சப்பாத்தைப் பற்றிக் கதைக்கிறா" என்று அவருக்கு அவருடைய மொழியிலேயே சொன்னாள்.

அவர் திரும்பி, வாசலில் எங்கள் சப்பாத்துச் சோடிகள் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"வடிவான சப்பாத்து" என்றார். பிறகு கோப்பையை நீட்டினார்.