ஒரு மணி நேரத் தண்ணீர்

ஜானில் அதிகம் பேச மாட்டாள். மதகுச் சாவி அவளிடம் வந்ததே அதனால்தான். வாய்க்காலின் மேல்கரை, அவள் பக்கம், கிர்கிஸ் நாடு. கீழ்கரை தாஜிக் நாடு. முன்பிருந்த நீர்ப்பாய்ச்சி தன் மச்சானின் வெங்காயத்துக்குக் கூடுதல் தண்ணீர் விட்டு மாட்டிக்கொண்டபோது, யாரையும் ஏறிட்டுப் பார்க்காத இவள் யார் பக்கமும் சாய மாட்டாள் என்று இரு கரைக்காரர்களும் அவள் பெயரைச் சொன்னார்கள். அப்போது அவள் கணவன் இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பதினான்கு வருடமாக அவளுக்கு ரொட்டி போடுவது அந்த மதகுதான்.

முறை மாற்ற அவளுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. வெயில் எந்தக் கல்லில் விழுகிறது என்று பார்த்து அடைப்பாள், திறப்பாள். ஆனால் மலைமேல் பனி வருடாவருடம் சுருங்கிக்கொண்டே போனது. இருக்கிற பனியும் ஏப்ரலிலேயே உருகிச் சேறும் கல்லுமாக ஓடி வந்துவிடும். பயிர் வாடுகிற ஜூலையில் வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர்கூட நிற்காது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மண்வெட்டித் தகராறு துப்பாக்கி வரை போய், இரண்டு கரையிலும் வீடுகள் எரிந்தன. கரையோரத்தில் இருந்த மகள் மீரிமின் வீடும் எரிந்தது. புதுக் கூரை போட்டு, கைக்குழந்தையோடு இந்த வருடம்தான் அவள் திரும்பி வந்திருந்தாள். இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் ரஷ்யாவுக்கே போய்விடுவோம், திரும்பி வர மாட்டோம் என்று மருமகன் சொல்லிவிட்டான்.

இரு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டார்கள். காலை ஆறு முதல் பகல் இரண்டு வரை கீழ்கரை, பிறகு மேல்கரை. முதல் நாள் ஜானில் கைப்பேசியைப் பார்த்துச் சரியாக ஆறுக்குத் திறந்தாள், சரியாக இரண்டுக்கு அடைத்தாள்.

கால் மணி நேரத்தில் கீழ்கரையிலிருந்து முப்பது பேர் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். மேல்கரைப் பையன்கள் கல்லைப் பொறுக்கினார்கள். மேட்டில் இரண்டு நாட்டுக் காவல் சாவடிகளிலிருந்தும் சிப்பாய்கள் எழுந்து நின்றார்கள். மருமகனின் வெள்ளைக் கார் மகளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து கிளம்பி மலைப்பாதையில் ஏறுவதை ஜானில் பார்த்தாள்.

கீழ்கரை நீர்ப்பாய்ச்சி சவ்லத் முன்னால் வந்தார். அறுபது வயது, எப்போதும் அவளை மரியாதையாகப் பேசுகிறவர்.

"நீயுமா ஜானில்? ஊரே திருடினாலும் நீ திருட மாட்டேன்னு நான்தானேம்மா சொன்னேன்."

அவள் அட்டவணைத் தாளை நீட்டினாள். அவர் தாளைப் பார்க்காமல் மணிக்கட்டை அவள் முகத்துக்கு நேரே காட்டினார். அவள் பார்த்தாள். ஒன்றேகால். தன் கைப்பேசியைப் பார்த்தாள். இரண்டேகால்.

கீழ்கரைக் கடிகாரம், தாஜிக் நாட்டு நேரப்படி, என்றைக்கும் ஒரு மணி நேரம் பின்னால்தான். கல்யாணத்துக்கு அழைத்தால் உங்க மணியா, எங்க மணியா என்று கேட்க அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். தண்ணீருக்கு மட்டும் இதுவரை மணி இருந்ததில்லை. அதனால் யாரும் கேட்கவில்லை. தாளிலும் யாருடைய மணி என்று எழுதவில்லை.

ஜானில் தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கூட்டத்துக்கு முன்னால் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, நான் எங்க மணிக்கு அடைச்சேன். காலைலயும் எங்க ஆறு மணிக்குத்தான் தொறந்தேன். உங்களுக்கு அப்போ அஞ்சு. நீங்கல்லாம் தூங்கிட்டிருந்தீங்க."

சவ்லத் நீட்டிய கையை இறக்கினார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நான் வர்றதுக்குள்ள வாய்க்கால்ல தண்ணி ஓடிட்டிருந்துச்சு. என் தம்பிதான் ராத்திரியே கள்ளச் சாவி போட்டு மதகைத் தொறந்துட்டான்னு அவனைச் செருப்பால அடிக்காத குறை."

"அடிச்சியே அண்ணே," என்று பின்னாலிருந்து தம்பி சொன்னான். முதலில் கீழ்கரையில் யாரோ சிரித்தார்கள், பிறகு மேல்கரையிலும்.

ஆனால் மேல்கரைப் பையன்கள் விடவில்லை. இப்போது இது நம் முறை, அவர்களுக்குத் திறந்தால் நீங்கள் அந்தக் கரைக்கே குடிபோய்விடுங்கள் அக்கா என்று ஒருவன் கத்தினான். காலையில் ஆளில்லாமல் ஆற்றுக்குப் போன ஒரு மணி நேரத் தண்ணீர் யாருக்குமே கிடைக்கவில்லை. அந்த நஷ்டத்தை ஆளுக்குப் பாதியாக ஏற்பதே நியாயம் என்று அவளுக்குப் பட்டது. அரை மணி நேரத்துக்கு மதகைக் கீழ்கரைக்குத் திறந்துவிட்டாள். சவ்லத் தலையசைத்தார். பையன்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் கல் எதுவும் பறக்கவில்லை.

பிறகு அவரும் அவளுமாகத் தாளைக் கல்லின் மேல் விரித்து, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் இரண்டு மணியையும் எழுதினார்கள். சவ்லத் பேனாவை அழுத்தியதில் தாள் ஒரு இடத்தில் கிழிந்தது. மேட்டில் சிப்பாய்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் பூட்ஸைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஜானில் மகளுக்குப் போன் செய்து, ஒன்றும் இல்லை, மணிக் குழப்பம்தான் என்றாள். போனில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. மருமகன் வாங்கிப் பேசினான்.

"நிஜமாவா அத்தை?"

"நிஜமாத்தான் தம்பி. திரும்பி வாங்க. டீ போடச் சொல்லு, எனக்கும் சேர்த்து."

மலைப்பாதையின் பாதியில் வெள்ளைக் கார் நின்றது. நான்கு தடவை முன்னும் பின்னும் போய், அந்தக் குறுகலான இடத்தில் ஒருவழியாகத் திரும்பியது. அது இறங்கி வரும் புழுதியைப் பார்த்துக்கொண்டே ஜானில் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தாள்.