முந்திரிக்கொட்டை அடைத்த கடன்

என் அக்காவின் கணவருக்கு நாங்கள் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. லிஃப்ட் மெக்கானிக். பழுது என்று ஃபோன் வருவதற்குள் பை தோளில் ஏறிவிடும். கரண்ட் பில் கட்டப் போய், "இன்னும் ரீடிங்கே எடுக்கல, போங்க சார்" என்று துரத்தப்பட்டவர்.

இப்பேர்ப்பட்டவரின் மகள் கல்லூரிக்குக் கடன் வாங்கினாள். அவள் பேரில், அவள் கையெழுத்தில். வேலைக்குப் போன பிறகு கட்டினால் போதும். அதுவரை வட்டியும் கிடையாது. "இது என் கடன்ப்பா, நீங்க தலையிடக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள். அத்தான் நன்றாகத் தலையாட்டினார்.

தலையாட்டியவர் மறுவாரமே வங்கிக்குப் போனார். ஓவர்டைம் பணம் வந்த சூட்டோடு கடனில் கட்டுவார். கவுன்ட்டர் பெண் தலையில் அடித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். ஓவர்டைம் இல்லாத மாதங்களில் நேராக என் மின்சாதனக் கடைக்கு வருவார். "மச்சான், ஒரு சின்ன கைமாத்து." வட்டியில்லாத கடனை அவசரமாக அடைக்க இன்னொரு கடன் வாங்கிய மகான் இவர் ஒருவராகத்தான் இருப்பார். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் கொடுப்பேன்.

எல்லாம் கமுக்கமாக நடப்பதாக நினைத்தார் பாவம். ஒவ்வொரு முறை கட்டும்போதும் வங்கி அவள் ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தது. கடன் அவள் பேரில் அல்லவா!

அவள் படிப்பின் கடைசி வருடம், கடனில் மிச்சமிருந்த கொஞ்சத்துக்காக அவர் கை நீட்டி நிற்க, நான் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்க, கடை வாசலில் மகள். கையும் களவுமாக மாட்டினோம்.

"மாமா, நீங்களும் கூட்டா?"

அத்தான் திருதிருவென்று விழித்தார். கிரீஸே இல்லாத விரல்களைத் துணியால் துடைத்தார்.

"முதல் மெசேஜ்லேருந்தே எனக்குத் தெரியும்ப்பா. நீங்களா எப்ப வாயைத் திறப்பீங்கன்னு பாத்தேன். நாளைக்கு, 'நான்தானே படிக்க வெச்சேன், நான் சொல்ற வேலைக்குப் போ'ன்னு நீங்க சொல்லக் கூடாது. அதுக்குத்தான் என் பேர்ல வாங்கினேன்."

"ஐயோ, அதுக்கில்லம்மா." அத்தான் துணியைக் கீழே போட்டார். "எனக்குப் படம் வரையத்தான் ஆசை. எங்கப்பா வெச்ச கடனுக்காக, கிடைச்ச வேலையில ஏறினேன். இறங்கவே முடியல. நீயும் அப்படி ஏறிடக் கூடாது. பிடிச்ச வேலை வர்ற வரைக்கும் நிதானமா இரு. அவசரமெல்லாம் என்னோட போகட்டும்."

எனக்கே கண் கலங்கிவிட்டது. அவளும் அழுதாள். ஆனால் அவருக்குப் பிறந்தவள் ஆயிற்றே! மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அப்பா உங்ககிட்ட வாங்கினதெல்லாம் இனிமே என் கடன். ட்யூஷன் எடுக்கிற காசுல மாசாமாசம் ஒண்ணாம் தேதி தருவேன்."

அப்பனும் மகளும் என்னை வங்கியாக்கிவிட்டார்கள்.

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் காலை நான் கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் அத்தான் வந்து நின்றார். "இந்தா, அவ தவணை. அவகிட்ட மூச்சு விடாதே மச்சான்." வாங்கிக்கொண்டேன். மறுநாள் அவள் வந்து கொடுத்தாள். முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு அதையும் வாங்கிக்கொண்டேன்.

மாதாமாதம் இதே கூத்துதான். அவள் தருவதைக் கல்லாவில் தனியாகப் போட்டு வைக்கிறேன். படிப்பை முடித்துவிட்டு, பிடித்த வேலைக்காக அவள் காத்திருக்கும் மாதங்களில் செலவுக்கு வேண்டாமா? இப்போதைக்கு அவளிடம் சொல்லப்போவதில்லை. எனக்கென்ன அவசரம், நான் என்ன முந்திரிக்கொட்டையா?