பூட்டி வைத்த விளையாட்டுப் பெட்டி

கெடுங்லாயு கிராமத்தில் எல்லார் முகத்திலும் எந்நேரமும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜாவாவில் பிறந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சுதார்மிக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. பிடிக்காத எதையாவது பார்த்தால் அவள் மூக்கு தானாகச் சுளித்துக்கொள்ளும், மேலுதடு ஏறிக்கொள்ளும். கல்யாண வீட்டில் ஆறிப்போன சோற்றுக்கும் அதே முகம், காரில் வந்திறங்கும் அதிகாரிக்கும் அதே முகம். தெருப் பெண்கள் அவளை அக்காள் முறையில் "யூ தார்மி" என்பார்கள். "யூ, வெளிய வரும்போது அந்த மூஞ்சிய வீட்லயே வச்சிட்டு வாங்களேன்" என்று கிண்டலும் செய்வார்கள்.

காலையில் சோயா அவித்து, வாழையிலையில் பொதிந்து, புளிக்கவைத்து டெம்பே போடுவது அவள் பிழைப்பு. அது போக, கிராமத்துக் குழந்தைகளை மாதம் ஒருமுறை தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பதும், பயறுக் கஞ்சி ஊற்றுவதும், வீடு வீடாகப் போய்த் தாய்மாரோடு பேசுவதும் பத்தொன்பது வருடமாக அவள் சம்பளமில்லாமல் செய்த வேலை. சின்னப் பிள்ளையோடு வீட்டில் எப்படி விளையாடுவது என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும். பொம்மை வாங்கக் கடைக்குப் போகவே விடமாட்டாள். வாசலில் கிடக்கும் செருப்பைக் கலைத்துப் போட்டு ஜோடி சேர்க்கச் சொல்லுவாள். பழைய துணியைத் தண்ணீரில் முக்கி ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்தில் பிழியச் சொல்லுவாள். "சேறா இருக்கேன்னு பாக்காத. சேறு கழுவுனா போயிரும். கை மரத்துப் போனா என்னத்தக் கொண்டு கழுவுவ?" என்பாள்.

டெம்பே பொதிய அவள் வீட்டுக்கு வரும் ருகினியின் மகன் ஜாலுவுக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை. விரல்களில் பலமில்லை, எதைக் கொடுத்தாலும் நழுவவிட்டுவிடுவான். கையை வேலை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், மூன்று வயதுக்குள் பிடி வராவிட்டால் அப்புறம் கஷ்டம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தார். சுதார்மி பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, துணிக் கிளிப்புகளை விளிம்பில் மாட்டச் சொல்லிப் பழக்கினாள். முதல் மாதம் ஒன்றுகூட நிற்கவில்லை. ஐந்தாம் மாதம் பதினொன்று மாட்டினான். மாட்டி முடித்ததும் பேசின்மேல் இரண்டு கையாலும் தட்டுவான். அந்த டமடம சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக் கோழி கூரை ஏறிவிடும்.

அடுத்தது மணி கோப்பது. பப்பாளி இலைக் காம்பை வளையம் வளையமாக அறுத்துக் கொடுத்தாள். மதியத்துக்குள் வாடிச் சுருண்டது, பால் பட்டுக் கை அரித்தது. பெரிய மர மணி இருந்தால் நன்றாயிருக்கும். இருக்கவும் செய்தது. கிராமத் தலைவர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி அலமாரிக்குள், கைப்பந்துக் கோப்பைகளுக்கும் யாரும் டீ குடித்தறியாத டீ செட்டுக்கும் நடுவில் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் பிள்ளைகளுக்கென்று மேலிடத்திலிருந்து வந்த பெட்டி அது. வளையங்கள், கட்டைகள், கயிறோடு மணிகள், எல்லாம் மரம், எல்லாம் வண்ணம். தலைவர் மனைவியை ஊரே 'பு லூரா', அதாவது தலைவரம்மா, என்று பதவி சொல்லித்தான் கூப்பிடும். அலமாரிச் சாவி பு லூராவின் உடுப்பில் ஊசியோடு தொங்கியது. "பிள்ளைங்க கையில குடுத்தா ரெண்டே நாள்ல அழுக்காயிரும்" என்று அந்த அம்மாள் சொல்லும்போதெல்லாம் சுதார்மியின் மூக்கு சுளித்தது. விளையாட்டுச் சாமானை விளையாடக் கொடுக்காமல் பார்க்க வைத்திருப்பவர்களைக் கண்டால் அவளுக்குக் குமட்டும்.

அந்த வருடம் வட்டார அளவில் போட்டி வைத்தார்கள். பிள்ளைகளை நன்றாக விளையாட வைக்கும் கிராமத்துக்குப் பரிசு. பு லூரா முதல்முறையாக சுதார்மியின் டெம்பே வாடை அடிக்கும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஆறு பிள்ளைங்கள நீங்கதான் தயார் பண்ணணும், யூ. போட்டி முடியட்டும், பெட்டி உங்களுக்குத்தான்."

"ஜாலுவும் வருவான், பு."

"அவனா? அவன் எல்லாத்தையும் கீழ போடுவானே."

"அவன் இல்லன்னா நானும் இல்ல."

பு லூரா சிரித்தார், சம்மதித்தார். ஒத்திகை நான்கு நாள் அவர் கூடத்தில் நடந்தது. பெட்டியைத் திறந்து பாயில் பரப்புவார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார வேண்டும். ஆனால் தொடக் கூடாது. "பெயிண்ட் உரிஞ்சிரும். நடுவருங்க வர்ற அன்னிக்குத் தொட்டுக்கட்டும்." ஜாலு முதல் நாளே சிவப்பு வளையத்தின்மேல் பாய்ந்தான்.

சுதார்மிக்கு அருவருப்பு தொண்டை வரை வந்தது. பாயை உதறிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அந்த மணிகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். "கையப் பின்னால கட்டிக்க லே" என்றாள். கேட்கவில்லை. அவன் கையைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றின்மேல் ஒன்றாக அவளே வைத்தாள். இரண்டாம் நாளும் வைத்தாள். மூன்றாம் நாள் அவன் தானாகவே வைத்துக்கொண்டான். "பாத்தீங்களா, நல்ல பிள்ளையாயிட்டான்" என்றார் பு லூரா.

போட்டியன்று மூன்று நடுவர்கள் வந்தார்கள். பலகாரப் பொட்டலமும் டீயும் ஆனபின் பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தலைமை நடுவர் ஜாலுவைப் பார்த்து, "எடுத்து விளையாடு தம்பி" என்றார்.

ஜாலு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவனைப் பார்த்து மற்ற ஐந்து பிள்ளைகளும் கட்டிக்கொண்டார்கள். நடுவர் ஒரு மணியை அவன் மடியில் போட்டார். அவன் அதைப் பார்த்தான், சுதார்மியைப் பார்த்தான், அசையவில்லை.

சுதார்மி, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். ஆனால் அந்த மனிதர் முகம் மலர்ந்துபோய், "என்ன அடக்கம், என்ன மரியாதை. வேற ஊரா இருந்தா இந்நேரம் பிச்சு எறிஞ்சிருக்கும்" என்றார். மற்ற இருவரும் தலையாட்டிக்கொண்டே எழுதினார்கள். கெடுங்லாயுவுக்கு முதல் பரிசு. பிள்ளைகள் விளையாடியதற்குத் தரவேண்டிய பரிசை விளையாடாததற்குத் தந்துவிட்டுப் போனார்கள், மிச்சப் பலகாரத்தையும் கட்டி வாங்கிக்கொண்டு.

அன்று சாயங்காலம் சுதார்மி வீட்டில் பேசினைக் கவிழ்த்துக் கிளிப்புகளைக் கொட்டினாள். ஜாலு அவற்றின் முன்னால் வந்து நின்றான். இரண்டு கையும் பின்னால் போயின.

"எடு லே. இது நம்ம கிளிப்பு."

அவள் கையை முன்னால் இழுத்தாள். விட்டதும் அது பின்னால் போய்விட்டது. பு லூராவை வைவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோய் வைத்தது யார்? தன்னை நினைக்கவே அவளுக்குச் சகிக்கவில்லை. கொல்லைக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள். வாய் கசந்தது போகவில்லை.

"சரியாயிரும் யூ" என்றாள் ருகினி, இலையிலிருந்து தலை தூக்காமல்.

"அஞ்சு மாசம் ருகினி. நாலே நாள்ல அழிச்சிட்டேன்."

மறுநாள் பெட்டியைக் கேட்கப் போனாள். பு லூரா அதே சிரிப்போடு, "இப்ப மாவட்டப் போட்டி இருக்கே யூ. அது வரைக்கும் உள்ள இருக்கட்டும்" என்றார். பின்னால் அலமாரி பூட்டியிருந்தது.

பரிசு விழா கிராமக் கூடத்தில் நடந்தது. மேசைமேல் பரிசாக இன்னொரு பெட்டி, முன்னதைவிடப் பெரியது, கண்ணாடித் தாள் சுற்றியிருந்தது. அதுவும் எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளை முன்வரிசைப் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். சிறந்த தொண்டர் என்று சொல்லி சுதார்மியைக் கூப்பிட்டார்கள். பு லூரா சான்றிதழை நீட்டினார். புகைப்படக்காரர் தயாராக நின்றார்.

சுதார்மி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்கிக்கங்க, யூ."

"வேணாம் பு. தொட்டா அழுக்காயிரும்."

பு லூராவின் சிரிப்பு அப்போதும் கழன்று விழவில்லை, கொஞ்சம் கோணியது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக மனசு நிறைந்ததுபோல் சுதார்மி திரும்பினாள். முன்வரிசையில் ஜாலு எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவளையே பார்த்தபடி, அவளைப் போலவே, இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தான்.

அவள் சட்டென்று கையை அவிழ்த்தாள். நேராக மேசைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கினாள், பாயில் வைத்தாள், கண்ணாடித் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். வளையமும் கட்டையும் மணியும் தடதடவென்று பிள்ளைகள் காலடியில் கொட்டின.

"யூ தார்மி, என்ன பண்றீங்க? மாவட்டத்துக்குப் போக வேண்டியது அது" என்றார் பு லூரா.

சுதார்மி காதில் வாங்கவில்லை. ஜாலுவின் முன்னால் முழங்காலிட்டு, ஒரு வளையத்தை எடுத்துத் தன் வாயில் வைத்துக் கடித்தாள். பெயிண்ட் கசந்தது. எச்சில் பட்ட அந்த வளையத்தை அவனிடம் நீட்டினாள்.

"அழுக்காக்கு லே."

ஜாலு பு லூராவைப் பார்த்தான். சுதார்மியைப் பார்த்தான். வலது கை மட்டும் மெதுவாக முன்னால் வந்தது. வளையத்தை இறுக்கிப் பிடித்து, வாயில் வைத்து, மோவாயில் எச்சில் வழிய வழியக் கடித்தான்.

"சீ" என்று பு லூரா மூக்கைச் சுளித்தார்.